தூங்கும்போது கிளம்பிவிடு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மாமாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நாங்கள் இருக்கிறோம். அதற்கு மேல் இப்போதைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

உன் பக்கத்து வீட்டுப் போனில் நான் சொன்னது பாதிதான், அதற்குள் லைன் போய்விட்டது. புதுக் கட்டடத்தில் விளக்கு மாட்ட ஏணியில் ஏறிய என் வீட்டுக்காரர் சறுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. ஒரு ஆபரேஷன் முடிந்தது, இன்னொன்று இருக்கிறதாம். "இத்தனை வருஷம் கரண்ட்ல கை வச்சேன், ஒண்ணும் ஆகல. கடைசியில ஏணி கவுத்துடுச்சு பாரு"ன்னு படுத்தபடியே சிரிக்கிறார். அவர் சிரித்தால் எனக்கு அழுகை வருகிறது.

இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறேன். உருண்டை பரவாயில்லை, ஐந்து மாதம்தானே, பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிவிடுகிறான். வாலுதான் பாடாய்ப் படுத்துகிறாள். இரண்டரை வயசுக்கு இவ்வளவு ஆகாது. நேற்று பக்கத்துக் கட்டில்காரருடைய மருந்துக் குழாயைப் பிடித்து இழுத்துவிட்டாள். நர்ஸ் வந்து, "ஏம்மா, இது வார்டா இல்ல உங்க வீட்டு வாசலா? நாளைக்கு இந்தப் பொண்ணை நான் இங்க பார்க்கக்கூடாது" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டாள். நான் என்ன செய்ய, பையில் போட்டு மூடி வைக்கவா?

நீ கவலைப்படாதே. உன்னிடம் புலம்பத்தான் எழுதினேன். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை

ஜனவரி 15

என் மக்குத் தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. இங்கே நாங்கள் இருவரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். மாப்பிள்ளை வலி இல்லாமல் தூங்குகிறாரா? அவர் சாப்பிடுவது இருக்கட்டும், நீ சாப்பிடுகிறாயா? பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கக்கூடாது.

ஏண்டி, வாயைத் திறந்து கேட்டால் முத்து உதிர்ந்துவிடுமா? வாலுவை இங்கே கொண்டுவந்து விடு. உருண்டை உன் பாலுக்கு இருக்கிறவன், அவனை நீ வைத்துக்கொள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை எழுந்து நடக்கும்வரைதானே, இரண்டு மூன்று மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் ஒரு டம்ளர்கூட உடையவில்லை. உடைக்க ஆள் இல்லாமல் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. உன் மாமாவிடம் சொன்னேன். மனுஷன் உடனே போய் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார். குழந்தை எட்டிப் பார்த்து விழுந்துவிடக்கூடாதாம்.

பகல் ரயிலில் வா. சின்னவனை இடுப்பில் துணியால் கட்டிக்கொள், பெரியவளைக் கையில் பிடித்துக்கொள். ஒரே ஒரு பை போதும். மாமா ஸ்டேஷனுக்கு வருவார்.

ஒன்று சொல்கிறேன் கேள். திரும்பிப் போகும்போது சொல்லிக்கொண்டு போகிற வேலை வைத்துக்கொள்ளாதே. அவள் தூங்கும்போது கிளம்பிவிடு. பார்த்தால்தான் அழுவாள். பார்க்காவிட்டால் அழமாட்டாள். நம்ம அம்மாவும் வேலைக்குப் போகும்போது நம்மை அப்படித்தான் விட்டுவிட்டுப் போவாள். நாம் என்ன கெட்டா போய்விட்டோம்?

வழிமேல் விழி வைத்திருக்கும்,
அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் உருண்டையும் வந்து சேர்ந்துவிட்டோம். அவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வந்த காய்ச்சல் குறைந்திருக்கிறது. உன் முதுகுவலி எப்படி? வாலுவைத் தூக்கித் தூக்கி அதிகமாகியிருக்கும்.

அங்கே இருந்தபோது ரயில் கதையை உனக்குச் சொல்லவே நேரமில்லை. வரும்போது நான் பட்ட பாடு இருக்கிறதே! உருண்டைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்த நேரம் பார்த்து வாலுவுக்கு ஒன்றுக்கு வரும். தண்ணீர் பாட்டில் உருண்டு நாலு இருக்கைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதை எடுக்கப் போனவள் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மடியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். "எங்கப்பா விழுந்துட்டாரு" என்று அவரிடம் சொன்னாள். பிறகு ஏறுகிற ஆள், இறங்குகிற ஆள், டிக்கெட் பார்க்க வந்தவர், பன் விற்கிறவன், ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் "எங்கப்பா விழுந்துட்டாரு, டமால்"னு சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது அந்தத் தொல்லை எதுவும் இல்லை. உருண்டை வழியெல்லாம் தூங்கினான். பன்காரன் வந்தான், கை பழக்கத்தில் இரண்டு வாங்கிவிட்டது. இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். எதிரில் இருந்த அம்மாள் ஊரில் ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இல்லை என்று சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

அவள் எழுந்ததும் என்ன செய்தாள்? உண்மையை எழுது. நான் கதவைச் சாத்தும்போது அவள் ஒரு காலைச் சுவரில் தூக்கிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நேராக எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கலாம். எழுந்துவிடுவாளோ என்று பயந்து தொடவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை

பிப்ரவரி 12

செல்லத் தங்கச்சிக்கு,

இங்கே சின்னது பெரிது எல்லாம் சௌக்கியம். மாப்பிள்ளையின் இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி சொல்லிவிட்டார்களா?

உன் மகள் எழுந்தாள், வீடு முழுக்கச் சுற்றினாள், "அம்மா எங்க?"ன்னு கேட்டாள். கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். அவ்வளவுதான். நீதான் ஒன்றைப் பத்தாக்கி மனசைப் போட்டு அலட்டிக்கொள்கிறாய்.

ஒரு வேடிக்கை கேள். செருப்பைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள். பாயில் படுத்தாலும் செருப்பு, சாப்பிட உட்கார்ந்தாலும் செருப்பு. "மகாராணி எங்க கிளம்பிட்டீங்க?"ன்னு மாமா கேட்டால், "கடைக்கு" என்கிறாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாயே, அது இனி வேண்டாம். உன் குரலைக் கேட்டதிலிருந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு வாசலிலேயே போய் நின்றுகொண்டாள். தூக்கிக்கொண்டு வந்தால் திமிறுகிறாள். கடிதமே போதும்டி. எழுத்துக்குச் சத்தம் கிடையாது.

உருண்டைக்கு முத்தம்.

அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. முடிந்தது என்பதைத் தவிர டாக்டர் வேறு எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். உருண்டைக்கு இரண்டு பல் வந்துவிட்டது. பால் குடிக்கும்போது கடிக்கிறான், உயிர் போகிறது. வார்டில் இப்போது அவன்தான் ராஜா. அந்த நர்ஸே தூக்கி வைத்துக்கொள்கிறாள். "பெரிய பொண்ணு எங்கம்மா, அன்னைக்குக் கோபத்துல ஏதோ சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். நானும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன்.

போன் செய்யவில்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் இருக்கும் பக்கமே போவதில்லை.

நாங்கள் நால்வரும் எடுத்த படத்தை விட்டுவிட்டு வந்தேனே, தினமும் சாயங்காலம் அவளுக்குக் காட்டு. அம்மா யாரு, அப்பா யாரு, தம்பி யாருன்னு கேள். மறக்காமல் செய். நடுவில் ஒரு நாள் உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா? ஒரே நாள். அவரைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் சம்மதித்துவிட்டாள்.

மாமாவுக்கு இருமல் நின்றதா?

தங்கை

மார்ச் 24

செல்லத் தங்கச்சிக்கு,

மாமாவின் இருமல் போய் எனக்கு வந்திருக்கிறது. வேறு குறை இல்லை. மாப்பிள்ளை தெம்பாக இருக்க வேண்டும்.

நடுவில் ஒரு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவதென்றால் வராதே. ஆறிக்கொண்டு வருகிற புண்ணை எதற்குக் கிளற வேண்டும்? வந்தால் அழைத்துக்கொண்டு போக வா.

படமா? அது இல்லாமல் அவளுக்குச் சோறே இறங்காது. சாயங்காலம் விளக்குப் போட்டதும் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். "இது அம்மா, இது உருண்டை"ன்னு விரலை வைத்துக் காட்டுகிறாள். உன் கன்னத்தில் எச்சில் பட்டுப் பட்டு அந்த இடம் வெளுத்தே போய்விட்டது. தூங்கும்முன் "அம்மா நாளைக்கு வருமா?"ன்னு ஒரு கேள்வி. வரும் என்றால்தான் கண்ணை மூடுகிறாள். போதுமா? நிம்மதியாகத் தூங்கு.

பள்ளிக்கூடச் சீருடை தைக்க ஆர்டர் வந்திருக்கிறது. நான் தைத்தால் மகாராணி மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத்துணி பொறுக்குகிறாள். நீலம் தனியாக, வெள்ளை தனியாக. நேற்று ஒரு வெள்ளைத் துண்டை என் முழங்காலில் சுற்றி, "பெரிம்மாவுக்குக் கட்டு" என்றாள். அதை அவிழ்க்காமலே சாயங்காலம்வரை தைத்தேன். செருப்புப் பைத்தியம் விட்டுவிட்டது. இப்போது வெறுங்காலோடுதான் ஆட்டம்.

உருண்டையின் பல்லுக்கு ஜாக்கிரதை.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இருமல் எப்படி? நாங்கள் ஓரளவு நன்றாக இருக்கிறோம்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நீ திட்டினாலும் சரி. இடுப்பு கூடிவிட்டதாம், ஆனால் கால் வேலை செய்ய மறந்துவிட்டதாம். நடை பழக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே தங்கிப் பழக வேண்டும். மூன்று மாதம் ஆகும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், படுக்கையிலேயே இருப்பார் என்று டாக்டர் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர், "நீ வாலுவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. நான் எப்படியோ சமாளிக்கிறேன்" என்றார். சமாளிப்பாராம். தண்ணீர் டம்ளரை எடுக்கவே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு வெளியே படியில் உட்கார்ந்து உன் மார்ச் மாதக் கடிதத்தை மறுபடி படித்தேன். அதைச் சட்டைக்குள்தான் வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழிந்துவிட்டது. என் வாலு என்னை மறந்திருந்தால் அந்த நிமிஷமே எழுந்து ரயிலேறியிருப்பேன் அக்கா. அவர் நடக்கிறாரோ இல்லையோ, வந்திருப்பேன். அவள் மறக்கவில்லை, தினமும் என் கன்னத்தைத் தொடுகிறாள் என்று நீ எழுதியிருக்கிறாய். சரி, இன்னும் மூன்று மாதம் அவள் தாங்குவாள் என்று உள்ளே போய்ச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

தப்புச் செய்துவிட்டேனா? உடனே எழுது.

தங்கை

ஜூன் 19

தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. சீருடை வேலை கழுத்தை நெரிக்கிறது. இங்கே எல்லாரும் நலம். மாப்பிள்ளைக்குக் கால் சீக்கிரம் தேற வேண்டும்.

நீ எடுத்தது நல்ல முடிவுதான். வாலுவைப் பற்றிக் கவலை வேண்டாம். நன்றாகச் சாப்பிடுகிறாள். இரண்டு சட்டை தைத்தேன், சரியாக இருக்கிறது. உயரமாகிவிட்டாள்.

அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதே. தெருவில் பிள்ளைகளுக்கெல்லாம் இருமல். உருண்டைக்கு ஒட்டிக்கொள்ளும். வெயிலும் அதிகம். கொஞ்சம் குளிரட்டும், பார்க்கலாம்.

அக்கா

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதமாகப் போகிறது. உடம்புக்கு ஏதாவதா? மாமாவுக்காவது எழுதச் சொல்லக்கூடாதா?

அவர் நடக்கிறார்! கைத்தடி ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம், நான் பின்னால். குளியலறைவரை தானே போய் வந்து, ஊருக்கே போய் வந்தவர் மாதிரி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். உருண்டையும் அதே வாரம் நடக்க ஆரம்பித்தான். அப்பனும் மகனும் மாறி மாறி விழுகிறார்கள். இனி ஏணி ஏற முடியாது. தெரிந்த கடைக்காரர் ஒருவர் உட்கார்ந்தபடியே இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி பழுது பார்க்க இடம் தருகிறார்.

அடுத்த வாரம் நானும் உருண்டையும் வருகிறோம். இருமலோ வெயிலோ, எது இருந்தாலும் வருகிறேன். என்னால் இனி முடியாது. அம்மா வருகிறாள் என்று அவளிடம் இப்போதே சொல்லி வை, சந்தோஷத்தில் குதிப்பாள். அவளுக்கு என்ன வாங்கி வரட்டும்? இன்னும் பன் பிடிக்குமா?

ஓடி வரும்,
தங்கை

செப்டம்பர் 14

அக்காவுக்கு,

நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். எல்லாருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது. முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அதில் வெறும் திட்டாக இருந்தது. இதிலும் இருக்கும், படித்துக்கொள்.

உன் வாசலில் நான் வந்து நின்றபோது அவள்தான் கதவைத் திறந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "பெரிம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாள். நீ கையில் கத்தரிக்கோலோடு வந்தாய். உன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் குழந்தைதானே, கூச்சம், சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "உக்காருங்க" என்றாள். நீ நல்ல பழக்கமாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறாய், குறை சொல்ல வழியில்லை. அவளுக்கு உருண்டை பாப்பா, நான் அந்தப் பாப்பாவுடைய அம்மா, அவ்வளவுதான். மூன்றாவது நாள் பக்கத்தில் வந்து நின்று, "பாப்பா அம்மா, நீங்க எப்ப உங்க ஊருக்குப் போவீங்க?"ன்னு கேட்டாளே, நீ அப்போது அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனாய். ஒன்றும் தீயவில்லை அக்கா. அடுப்பே மூட்டியிருக்கவில்லை.

படம் எங்கே என்று மாமாவிடம்தான் கேட்டேன். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. "முதல் வாரத்துலயே எடுத்து வச்சுட்டா. அதைப் பார்த்தா குழந்தை தேம்பித் தேம்பி அழுவுது, இவளால தாங்க முடியல" என்றார். முதல் வாரத்திலேயா? அப்படியானால் என் கன்னம் வெளுத்துப்போனது, விளக்குப் போட்டதும் கேட்டு வாங்குவது, "அம்மா நாளைக்கு வருமா" எல்லாம்? நீயாக உட்கார்ந்து எழுதியதா? அந்தக் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேனே! அதை நம்பித்தானே மூன்று மாதத்துக்குச் சம்மதம் சொன்னேன்! "அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள், வந்துவிடு" என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே அக்கா.

நான் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் அப்படி எழுதினாய் என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் வயிறு எரிகிறது.

கிளம்பும் நாளில் நீ செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ரயில் நேரத்துக்குச் சீருடை கொடுக்கப் போகிறேன் என்று அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டாய். பள்ளிக்கூடம் அன்றைக்கு லீவு. மாமா ஸ்டேஷனில் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணும் சரியில்லை.

ரயிலில் அவள் அழவே இல்லை. அழுதிருந்தால் தேவலை. ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும், "பெரிம்மா இங்க ஏறுமா?"ன்னு கேட்டாள். உருண்டை அவள் மடியில் ஏறப் பார்த்தான், தள்ளிவிட்டாள். நான் கொடுத்த பன்னைக் கையில் வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டாள். எதிரில் இருந்தவர், "அக்கா பொண்ணுங்களா?"ன்னு என்னைக் கேட்டார். என் பொண்ணு என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

இங்கே வந்ததிலிருந்து பகலில் தூங்குவதே இல்லை. கண் சொருகினால் எழுந்து நடக்கிறாள், தலையை உதறிக்கொள்கிறாள், நின்றுகொண்டே ஆடுகிறாள். அவள் அப்பா அருகில் கூப்பிட்டால் போகிறாள், கைத்தடியை எடுத்துக் கொடுக்கிறாள், திரும்ப வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறாள். எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. தூங்கினால் ஆள் போய்விடும், சாப்பிட்டாலும் போய்விடும் என்பது அவள் கண்ட பாடம். முதலில் நான் நடத்தினேன், பிறகு நீ நடத்தினாய். நான் உன் பேச்சைக் கேட்டேன், உன்னை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆகவே நீ வர வேண்டும். அவளைக் கூட்டிப் போக இல்லை, அதைக் கனவிலும் நினைக்காதே. நாலு நாள் இரு. அப்புறம் அவள் பார்க்க, அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு. அவள் அழட்டும். நீயும் அழு. நானும் அழுகிறேன். யாரும் செத்துவிட மாட்டோம்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
தங்கை

அக்டோபர் 2

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

நீ எழுதியது அத்தனையும் உண்மை. முதலில் நீ அழக்கூடாது என்றுதான் எழுதினேன். நீ தனியாக வார்டில் கிடந்தாய், வேறு என்ன எழுதுவேன்? அவள் பெரிம்மா பெரிம்மா என்று காலைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்த பிறகு எதற்காக எழுதினேன் என்று என்னைக் கேட்காதே. உன் மே மாதக் கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாப்பிள்ளை படுக்கையில் கிடக்கிறார், எனக்குச் சந்தோஷம். அதை நினைத்து ஒரு மாதம் பேனாவைத் தொடவில்லை.

நான் வரவில்லையடி. என்னால் முடியாது. அவளைப் பார்த்துவிட்டு எப்படித் திரும்புவேன்? மிஷினுக்கு அடியில் காலை நீட்டும்போது இடிக்காமல் மெதுவாகத்தான் இன்னும் நீட்டுகிறேன்.

மேலே எழுதியதை உன் மாமா படித்துவிட்டார். "டிக்கெட் எடுத்தாச்சு. நீ வரலன்னா நான் மட்டும் போறேன்" என்கிறார். இந்த மனுஷன் என்னிடம் இப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. பதினெட்டாம் தேதி வருகிறோம். அவளிடம் முன்னாலேயே சொல்லாதே. ரயில் தாமதமானால் வாசலிலேயே நிற்பாள்.

அக்கா

அக்டோபர் 23

என் அக்காவுக்கு,

இந்தக் கடிதம் வரும்போது நீயும் மாமாவும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். வழியில் ஏதாவது சாப்பிட்டாயா? நான் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம் ஒன்று இங்கேயே தங்கிவிட்டது, உன் பங்குதான் அது என்று நினைக்கிறேன்.

ஸ்டேஷனுக்குப் போகிற பஸ் திரும்பிய பிறகு நீ பார்க்காததை எழுதுகிறேன். நான் சரியாக எழுதாவிட்டால் நீயாக எதையாவது நினைத்துக்கொள்வாய்.

நீ குனிந்து அவளிடம், "பெரிம்மா என் வீட்டுக்குப் போறேன். நீ உன் வீட்ல அம்மாகூட இரு. அப்புறம் வருவேன்" என்றாய். உன் குரல் நடுங்கவில்லை. எப்படி முடிந்தது உன்னால்? அவள் "நானும்" என்றாள். நீ "இல்லடா தங்கம்" என்றாய். அதுவரை அவளுக்குப் புரியவில்லை. நீ படியில் கால் வைத்ததும் புரிந்துவிட்டது. ஓடினாளே, மாமா பஸ் ஜன்னலில் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். பின்னாலேயே ஓடித் தூக்கினேன். என்னை உதைத்தாள், தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், தோளில் பல் பதியக் கடித்தாள். தெருவே நின்று பார்த்தது. பிள்ளை பிடிக்கிறவள் என்றுகூட நினைத்திருப்பார்கள். அவர் தடியை ஊன்றிக்கொண்டு தூரத்தில் நின்றார், ஓடி வர முடியவில்லை. உருண்டை அவர் காலைக் கட்டிக்கொண்டு, காரணம் தெரியாமல் அவனும் அழுதான்.

"கடைக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க"ன்னு நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். "பெரிம்மா ஊருக்குப் போயிட்டாங்க. இன்னைக்கு வரமாட்டாங்க" என்றேன். இன்னும் பெரிதாக அழுதாள். அழாதே என்று நான் சொல்லவில்லை.

வீடு வரும்வரை "பெரிம்மா, பெரிம்மா" என்றே அழுதாள். என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இன்னும் நான் பாப்பா அம்மாதான். ஆனால் தெருமுனையில் வந்தபோது உதைப்பது நின்றுவிட்டது. அழுதுகொண்டே தலையை என் கழுத்தில் வைத்தாள். மூக்குச் சளி, கண்ணீர் எல்லாம் என் மேலேயே வழிந்தது. கொஞ்ச நேரத்தில் கையால் என் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள். கீழே விட்டுவிடப் போகிறேனோ என்கிற மாதிரி இறுக்கிக்கொண்டாள்.

அப்படியே தூங்கிப்போய்விட்டாள் அக்கா, பட்டப்பகலில். இறக்கிப் படுக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. தோளில் போட்டுக்கொண்டே ஒரு கையால் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது. தூக்கத்திலும் விசும்பிக்கொண்டே இருக்கிறாள். அவள் அழுதது என் தோளில்தான். ஆனால் அழுதது உனக்காக. இதை நான் உனக்காக இட்டுக்கட்டி எழுதவில்லை.

தங்கை